எங்க ஊரு பட்டிக்காடுதான் மேடம்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தேனியில இருந்து வர்ற ஒரு அதிகாரியைக் கூட்டிக்கிட்டுப் போய், எங்க ஊரு ஒரு பட்டிக்காடுன்னு காட்டணும்.

அவ்வளவுதான். இதுல என்ன கஷ்டம்? ஊரைப் பார்த்தாலே தெரியும்னு நெனச்சேன்.

வெவரம் தெரியாதவுகளுக்குச் சொல்லிர்றேன். எங்க ஊரு கம்பம் பள்ளத்தாக்குல ஒரு பேரூராட்சி. பேரூராட்சின்னா ஊராட்சிக்கு மேல, நகராட்சிக்குக் கீழ. கல்யாண வீட்டுல மாப்பிள்ளை பக்கமும் சேராம, பொண்ணு பக்கமும் சேராம பந்தியில உக்காந்திருக்கிற ஆளு மாதிரி.

வீட்டு வரி கேக்கும்போது நாங்க டவுன். பஸ் கேட்டா நாங்க கிராமம். இதுல பெரிய இடி என்னன்னா, நூறு நாள் வேலை ஊராட்சிக்கு மட்டும்தான். எங்களுக்குக் கிடையாது.

அதனால எங்க ஊருப் பொம்பளைக விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஜீப்புல ஏறி, மலை மேல கேரளாவுக்குள்ள ஏலத்தோட்ட வேலைக்குப் போறாக. பத்துப் பேரு போற ஜீப்புல பதினெட்டுப் பேரு. எங்க வீட்டம்மா செலினும் அதுல ஒரு ஆளு. மழைக்காலம் வந்தா ஜீப்பு கீழ எறங்கி வர்ற வரைக்கும் எனக்குக் கடையில உக்காரப் பிடிக்காது.

செலினோட தங்கச்சி ஓடைப் பாலத்துக்கு அங்கிட்டு வாக்கப்பட்டிருக்கு. அது ஊராட்சி. பாலத்துக்கு இங்கிட்டு நாங்க.

"அவ கம்மாக்கரையில மம்பட்டியைப் பிடிச்சுட்டு வீடு வந்துர்றா. நான் மலையேறி அட்டைப்பூச்சிக்கு ரத்தம் குடுத்துட்டு வர்றேன். ஒரு பாலம் தள்ளி மாப்ள பாத்திருந்தா எங்கப்பாவுக்கு என்ன கொறைஞ்சா போயிருக்கும்?"

இது எங்க வீட்டுல வாரத்துக்கு ரெண்டு தடவை ஓடுற வசனம்.

அதான் ஊரே கூடி ஒரு முடிவு பண்ணுச்சு. உலகத்துல எல்லா ஊரும் மேல ஏத்திவிடுங்கன்னு கேக்கும். நாங்க எறக்கி விடுங்கய்யான்னு மனுப் போட்டோம்!

மனு எழுதினது யாரு? பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற அடியேன்தான். 'அடிப்படை வசதிகள் ஏதுமற்ற, முற்றிலும் விவசாயத்தை நம்பி வாழும் எளிய சிற்றூர்'னு போட்டேன். எழுதி முடிச்சுப் படிச்சுப் பார்த்தா எனக்கே எங்க ஊரை நெனச்சுக் கண்ணு கலங்கிருச்சு.

அந்த மனுவுக்குத்தான் அதிகாரி நேர்ல பாக்க வர்றதா லெட்டர் வந்துச்சு. கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுற பொறுப்பை எங்கிட்டக் குடுத்தாக.

குடுத்தது முத்துப்பேச்சி அக்கா. ஜீப்புல போற பொம்பளைகளுக்கெல்லாம் அவுகதான் தலைவி. டிரைவரே அவுக ஏறுன பிறகுதான் சாவியைத் திருகுவாரு.

"ஏலே அந்தோணி, பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போகாத. வாய்க்காக்கரை, மாட்டுத் தொழுவம், அப்பறம் நாங்க. அம்புட்டுதான். வாயை மட்டும் தொறந்துறாத."

"நான் என்னக்கா பேசப் போறேன்?"

"அதான் பயமா இருக்கு"ன்னு பின்னாடி இருந்து செலின் சொல்லுச்சு.

புதன்கிழமை காலையில வீட்டை விட்டு வெளிய வர்றேன். தெருவுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு ப்ளீச்சிங் பவுடர் கோடு! நேர்கோடு. நூல் பிடிச்ச மாதிரி. சாக்கடையில தண்ணி ஓடுது. எங்க ஊருச் சாக்கடை ஓடி நான் பார்த்ததே இல்ல. போதாக்குறைக்கு, வருசக்கணக்கா எரியாத தெருவிளக்கு பட்டப்பகல்ல எரிஞ்சுக்கிட்டு இருக்கு.

துப்புரவு மேஸ்திரி கையைத் தட்டிக்கிட்டு நிக்கிறாரு.

"என்ன மேஸ்திரி இது?"

"ஆபீசர் வர்றாகல்ல?"

"எதுக்கு வர்றாகன்னு தெரியுமா?"

"எதுக்கு வந்தா என்ன? ஆபீசர் வந்தா கோடு போடணும். எங்கப்பா காலத்துல இருந்து போட்டுக்கிட்டு இருக்கோம்."

அழிங்கன்னு சொன்னேன். போட்ட கோட்டை அழிக்கிறதுக்குத் தனியா உத்தரவு வேணும்னுட்டாரு.

பத்தரைக்கு மேடம் கார்ல வந்து எறங்கினாக. சின்ன வயசுதான். கையில ஒரு ஃபைல், மூடி போட்ட பேனா. பேச்சு ரொம்பக் கம்மி. நான் வாய்க்காக்கரைக்கு வழி காட்டினேன். டிரைவர் என்னைப் பார்த்தாரு, ரோட்டைப் பார்த்தாரு. "இந்த ரோடு நல்லாருக்கு சார்"னுட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு விட்டுட்டாரு. கோடு போட்டு வச்சா வண்டி அதுலதான போகும்!

சரி, டீயாவது குடிக்க வச்சு அனுப்புவோம்னு காசி கடையில நிறுத்தினேன். மனுவுல முதல் கையெழுத்தே காசியோடது. வெவரமான ஆளு.

மேடம் கேட்டாக, "இங்க சாப்பிட என்ன கிடைக்கும்?"

டீ, வடைன்னு சொல்லணும். ரெண்டு வார்த்தை.

"என்ன வேணும் மேடம்? மோமோஸ் இருக்கு, ஷவர்மா இருக்கு, சாய்ங்காலம் வந்தா தந்தூரி டீ இருக்கு. தேனியில இருந்தே பைக்கைப் போட்டுட்டு வர்றாகன்னா பாத்துக்கங்க!"

நான் கண்ணடிச்சேன். ஒரு தடவை இல்ல, நாலு தடவை.

"என்னண்ணே, கண்ணுல தூசியா? உள்ள வாங்க, ஏசி ரூம்ல உக்காந்து தொடைச்சுக்கலாம்."

மேடம் பேனா மூடியைக் கழட்டி ஏதோ எழுதினாக.

அடுத்தது பெருமாளு வீட்டு மாட்டுத் தொழுவம். முதல் நாளே போய் அவன்கிட்டக் கெஞ்சிட்டு வந்திருந்தேன். 'தம்பி, ஒண்ணும் செய்ய வேணாம். சாணி கெடந்தா கெடக்கட்டும். எப்பவும் போல இருக்கட்டும்.'

போய்ப் பார்த்தா தரையை ஃபினாயில் விட்டுக் கழுவி வச்சிருக்கான். மாட்டு நெத்தியில சந்தனம், குங்குமம். மாடே என்னை 'யாருடா நீ'ங்கிற மாதிரி பாக்குது.

நான் சமாளிச்சேன். "எளிய விவசாயி மேடம். மாட்டைத் தவிர வேற நாதி இல்ல."

"மேல பாருங்க மேடம்"னான் பெருமாளு. பார்த்தோம். சிசிடிவி கேமரா!

"மாடு செனையா இருக்கு. நான் திராட்சைத் தோட்டத்துல இருந்துக்கிட்டே போன்ல பாத்துக்கிருவேன். வால் ஆட்டுனா தெரியும். ஒங்களுக்கும் லிங்க் அனுப்பவா?"

மேடம் சிரிச்சாக. எழுதினாக. மூடியைத் திரும்பப் போடலை.

மிச்சம் இருந்தது முத்துப்பேச்சி அக்கா கூட்டம்தான். அன்னைக்கு ஒரு நாள் கூலியை விட்டுட்டு அத்தனை பேரும் வாய்க்காக்கரையில காத்திருந்தாக. பழைய சேலை, கையில மம்பட்டி, சோர்ந்த மூஞ்சி. அதுதான் பேசி வச்சது.

மம்பட்டி இருந்துச்சு. மத்தபடி எல்லாரும் பட்டுச்சேலை! தலை நெறைய மல்லிகைப்பூ. முகத்துல பவுடர் எங்க மேஸ்திரி போட்ட கோட்டை விட ஜாஸ்தி.

"என்னக்கா இது கோலம்?"ன்னு காதுல கேட்டேன்.

"பேப்பர்ல போட்டோ வந்தாலும் வரும்ல? கிழிசலோட நிக்கச் சொல்றியா?"

மேடம் ரொம்பத் தன்மையா, "பிள்ளைங்க எல்லாம் என்ன பண்றாங்க?"ன்னு கேட்டாக.

அக்கா நெஞ்சை நிமித்துனாக. "என் மக நர்சுக்குப் படிச்சு ஜெர்மனியில இருக்கா!"

"என் மவன் சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனி."

"எனக்கு ரெண்டுமே டீச்சரு. எழுதிக்கங்க மேடம்."

அவுகளை மட்டும் என்னால திட்ட முடியலை. அந்த ஜீப்புல தொங்கித்தான் படிக்க வச்சாக. அதைச் சொல்லாதன்னு ஒரு தாய்கிட்ட எப்படிச் சொல்றது?

ஆனா மனு போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு.

அப்பத்தான் கூட்டத்துக்குப் பின்னாடி இருந்து செலின் முன்னால வந்துச்சு. அது மட்டும்தான் தோட்டத்துக்குப் போற அதே சேலையில வந்திருந்துச்சு. சேலையை லேசாத் தூக்கி, கெண்டைக்காலைக் காட்டுச்சு. அட்டைப்பூச்சி கடிச்ச தழும்பு, பொட்டுப் பொட்டா.

"இவுக சொன்னது எல்லாம் நெசந்தான் மேடம். பிள்ளைகளை அனுப்பிட்டோம். நாங்கதான் இங்கன இருக்கோம். அஞ்சு மணிக்கு ஜீப்பு. கதவுப் பக்கம் எடம் கெடைச்சா மலையெறங்குற வரைக்கும் செபமாலைதான் சொல்லிட்டு வருவேன். பாலத்துக்கு அங்கிட்டு என் தங்கச்சி இருக்கா. அவளுக்கு வேலை வீட்டுக்கிட்டயே கெடைக்குது. அவளும் நானும் ஒரே வயித்துலதான் பொறந்தோம். நடுவுல ஒரு பாலம். அம்புட்டுதான்."

மேடம் எழுதலை. பேனாவுக்கு மூடியைப் போட்டுட்டு, செலின் கையைப் பிடிச்சாக.

"புரியுதும்மா. நான் சாதகமா எழுதுறேன்."

ஜெயிச்சுட்டோம்! ஒட்டுமொத்த ஊரும் சேர்ந்து கவுத்ததை எங்க வீட்டம்மா ஒத்தை ஆளா நிமித்திருச்சு. அக்கா கண்ணைத் தொடைச்சாக. பவுடர் கலைஞ்சு போச்சு.

நான் மேடத்துக்குக் கார்க் கதவைத் திறந்து விட்டேன். வாயைத் தொறக்காம நின்னேன். ஏறும்போது மேடம் சும்மா, பேச்சுக்குச் சொன்னாக.

"ஆத்துக்கு அக்கரையில உள்ள பேரூராட்சியிலயும் இதே மாதிரி மனு குடுத்திருக்காங்க. காலையில அதைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். அந்த ஊரோட ஒப்பிட்டுப் பார்த்தா இது கொஞ்சம் பின்தங்கின ஊர்தான் இல்லையா?"

'ஆமா மேடம்.' இதைத்தான் நான் சொல்லணும். குழந்தைகூடச் சொல்லும்.

ஆனா அக்கரை ஊருக்கும் எங்களுக்கும் ரொம்பக் காலமா ஆகாது. காரணம் யாருக்கும் ஞாபகம் இல்ல. அதனாலதான் இன்னும் உறுதியா நிக்குது.

"யாரு? அவய்ங்களா?"ன்னேன்.

செலின் தூரத்துல இருந்தே தலையை ஆட்டுச்சு. வேணாம், வேணாம்னு.

"அவய்ங்க ஊர்ல ஒரு ஏடிஎம் உண்டா மேடம்? எங்க ஊர்ல மூணு! மூணுலயும் பணம் இருக்கும்! கல்யாண மண்டபம் உண்டா? எங்க மண்டபத்துலதான் அவய்ங்க பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடக்குது. ஒரு மெடிக்கல் கடை கெடையாது, தலைவலி மாத்திரைக்கு இங்கதான் வரணும். அட, செத்தாக்கூட எங்க ஊரு ஃப்ரீசர் பொட்டிக்குத்தான் போன் பண்ணுவாய்ங்க!"

மேடம் மறுபடியும் மூடியைக் கழட்டினாக.

"மூணு ஏடிஎம்மா?"

"மூணு மேடம்! வாங்க, காட்டுறேன்!"

காட்டுனேன். மூணையும் காட்டுனேன். மண்டபத்தையும் திறந்து காட்டுனேன். ஃப்ரீசர் பொட்டி அன்னைக்கு அக்கரை ஊருக்கு வாடகைக்குப் போயிருந்துச்சு, அதையும் பெருமையாச் சொன்னேன்.

மூணு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு. மனு என் கடை விலாசத்துல இருந்து போனதால பதிலும் என் கடைக்குத்தான் வந்துச்சு. ஊருக்கெல்லாம் நானே ஜெராக்ஸ் போட்டுக் குடுக்க வேண்டியதாப் போச்சு.

'ஊராட்சியாக மாற்றுவதற்குப் போதிய முகாந்திரம் இல்லை. மாறாக, இவ்வூரின் வளர்ச்சியைக் கருத்தில் கொண்டு நகராட்சியாகத் தரம் உயர்த்துவது குறித்துப் பரிசீலிக்கப்படும்.'

காசி கடையில வெடி போட்டாய்ங்க. எதுக்குப் போடுறோம்னு வெடிச்சு முடிச்ச பிறகுதான் யோசிச்சாய்ங்க. முத்துப்பேச்சி அக்கா அன்னையில இருந்து என் கடையில ஜெராக்ஸ் எடுக்கிறது இல்ல. ஆதார் நகலுக்குக்கூட பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போறாக.

இது போதாதுன்னு அடுத்த வாரம் நாலு பேரு கடைக்கு வந்தாக. அக்கரை ஊர்க்காரவுக! கையில லட்டுப் பொட்டி. எந்திரிக்கிறதுக்குள்ள எனக்கு ஒரு பொன்னாடையைப் போத்திட்டாக.

"எதுக்குங்க இது?"

"எங்க மனு எடுபட்டுருச்சுண்ணே! எங்க ஊரு ஊராட்சி ஆகுது. நூறு நாள் வேலை வரப் போகுது. எல்லாம் ஒங்களாலதான்."

"நான் என்ன செஞ்சேன்?"

ஒருத்தரு உத்தரவு நகலை நீட்டுனாரு. 'மேற்படி ஊரில் ஏடிஎம், திருமண மண்டபம், மருந்துக்கடை ஆகிய வசதிகள் ஏதும் இல்லை என்பதை அண்டை ஊரைச் சேர்ந்த ஜெராக்ஸ் கடை உரிமையாளர் நேரில் உறுதிப்படுத்தியுள்ளார்.'

"நாங்களே சொன்னா நம்புவாகளோ மாட்டாகளோன்னு பயந்துக்கிட்டு இருந்தோம்ணே. ஒங்க வாயால வந்துச்சு பாருங்க, அதான் நின்னுச்சு. இதை ரெண்டு காப்பி போட்டுக் குடுங்க."

போட்டுக் குடுத்தேன்.

சாய்ங்காலம் செலின் ஜீப்புல இருந்து எறங்கி வந்துச்சு. முட்டி வரைக்கும் சேறு. பொன்னாடையைப் பார்த்துச்சு, லட்டைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு. திட்டும்னு நெனச்சேன். திட்டலை. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். என்னால அது காலைப் பாக்க முடியலை.

வெந்நி வச்சுக் குடுத்தேன். கால்ல ஊத்திக்கிட்டே மெதுவாக் கேட்டுச்சு.

"டவுன்ல எல்லாம் ஆம்பளைகதான் சமைக்கிறாகளாம்ல?"

"யாரு சொன்னா?"

"சொன்னாக. நம்ம ஊரு டவுனுதான?"

இப்பெல்லாம் நாலு மணிக்கு எந்திரிச்சு நான்தான் சோறு வடிக்கிறேன். சூடான பானையைப் பிடிச்சு இறக்க அந்தப் பொன்னாடைதான் கரித்துணி.

பாலிஸ்டர் துணி. சூடு தாங்க மாட்டேங்குது.