கோலாலம்பூரில் ஒரு லோயர் பெர்த்

பயந்தாங்கொள்ளிகளால் அடுத்தவருக்கு ஒரு தொந்தரவும் வராது என்று பொதுவாக ஒரு எண்ணம் இருக்கிறது. சுத்தப் பொய். தைரியசாலி தப்பு செய்தால் அவன் மட்டும் மாட்டுவான். பயந்தவள் முன்னெச்சரிக்கையாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து மாட்டுவார்கள். நான் வெளிநாடு வரைக்கும் போய் இதை நிரூபித்துவிட்டு வந்தவள்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டேன். (கணக்குப் பரீட்சைக்குப் பயந்து வந்த காய்ச்சல், பரீட்சை முடிந்தும் போகவில்லை.) பிறகு பெங்களூர் பொம்மசந்திராவில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. சில வருடம் கழித்து, மாலை நேர அழகுக்கலை வகுப்பில் சேர்ந்து மறுபடியும் மாணவி ஆனேன். அங்கே எனக்குப் பக்கத்து நாற்காலி ஷைலா. அல்சூர்க்காரி. பயம் என்கிற சாமான் அவள் வீட்டில் ஸ்டாக்கே கிடையாது.

மலேசியாவுக்கு டிக்கெட் மலிவாக வந்திருக்கிறது, சனி ஞாயிறு சுற்றிவிட்டு வந்துவிடலாம், ஹாஸ்டலில் தங்கிக்கொள்ளலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். விமானம் விழுந்தால் என்ன செய்வது, ஊர் பேர் தெரியாதவர்களோடு ஒரே அறையில் எப்படித் தூங்குவது என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"சும்னே தலைய கெடுத்துக்காத மா. விழுந்தா ரெண்டு பேரும் சேந்துதானே விழுவோம்" என்றாள். அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

என்னிடம் உருப்படியான பெட்டி இல்லை. அக்காவுக்குக் கல்யாணச் சீரில் வந்த கருஞ்சிவப்புப் பெட்டி, உறைகூடப் பிரிக்காமல் பீரோ மேல் இருந்தது. "ஒரு கீறல் விழுந்துச்சுன்னா நீ அந்த ஊர்லயே இருந்துக்க" என்று வாழ்த்தித்தான் அக்கா இறக்கிக் கொடுத்தாள்.

எங்கள் குடும்பத்தில் ரயில் ஏறியதும் முதல் வேலை, எல்லாச் சாமான்களையும் ஒன்றாகக் கோத்து சீட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டுவது. அதற்கப்புறம்தான் மூச்சே விடுவோம். ஆனால் அப்பாவின் ரயில் சங்கிலி மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஜோலார்பேட்டைத் திருடனுக்கு அது போதும். வெளிநாட்டுத் திருடன் எந்த மாதிரி ஆளோ. அதனால் தம்பி பைக்குக்குப் போடுகிற தடித்த சங்கிலியைத் தூக்கிக்கொண்டேன். (நான் திரும்பும்வரை அவன் பைக்கை ஹாலுக்குள் ஏற்றி வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே தூங்கினானாம்.)

ஹாஸ்டல் அறைக்குள் நுழைந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. பெண்களுக்கான அறை. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் திரைச்சீலை. அசல் ரயில் பெட்டி. எனக்கு லோயர் பெர்த். யாரோ தூங்குகிறார்கள் என்று விளக்கை அணைத்து வைத்திருந்தார்கள். சுவர் ஓரமாகப் பூட்டு அலமாரி இருந்தது. ஆனால் அதில் அக்காவின் பெட்டி நுழையவில்லை. ஷைலா குளிக்கப் போயிருந்தாள். என் கட்டிலுக்கு அடியில் அவளுடைய பச்சை முதுகுப்பை கிடந்தது. சங்கிலியை முதலில் பெட்டியின் கைப்பிடிக்குள் விட்டேன், அடுத்து அந்தப் பையின் அலுமினியச் சட்டத்துக்குள், கடைசியாகக் கட்டிலின் குறுக்குக் கம்பியைச் சுற்றிக் கொண்டுவந்து பூட்டினேன். சாவியைக் கையில் வைத்திருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தலையணை உறைக்குள் போட்டுவிட்டுப் படுத்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை.

காலையில் பத்துமலைக்குப் போனோம். முருகனைப் பார்க்கப் படியில் கால் வைக்கும்போது ஷைலாவின் போன் அடித்தது. ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்கிற அண்ணன், மலேசியத் தமிழர். பேசப் பேச ஷைலாவின் பார்வை மெதுவாக என் பக்கம் திரும்பியது.

ஷைலாவின் பை மேல் கட்டிலில் அவள் காலடியிலேயே இருந்திருக்கிறது. நான் பூட்டியது லூசியா என்கிற ஸ்பெயின்காரியின் பை. அவளுக்கு மத்தியானம் விமானம்.

முருகனுக்குக் கீழேயிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடி வந்தோம். லூசியா கட்டில் அருகே தரையில் உட்கார்ந்து, மாட்டின் கயிற்றைப் பிடித்திருப்பதுபோல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் "சாரி" என்றேன். "இட்ஸ் ஓகே" என்றாள். (அன்று அவள் அதைப் பலமுறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கம்மியாக ஓகே.) தலையணையை எடுத்து உதறினேன். உறை புத்தம்புதிதாக இருந்தது. நாங்கள் கிளம்பியதுமே உறைகளை மாற்றி, பழையதையெல்லாம் சலவைக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஹாஸ்டல் அண்ணன் சங்கிலியைத் தூக்கி எடை பார்த்தார். "என்னா தங்கச்சி இது? இங்க யாரு ஒம்பொட்டிய தூக்கிக்கிட்டு அடுத்த ஸ்டேஷன்ல எறங்கப் போறா?" என்று கேட்டார்.

என் பெட்டியின் கைப்பிடி பிளாஸ்டிக்தானே, உடைத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்றார். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "ஐயோ வேணாண்ணே. அது அக்காவோடது."

அவருக்கும் ஒரு அக்கா இருந்திருக்க வேண்டும். ஸ்பேனர் கொண்டு வந்து கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தார். மேல் கட்டிலில் இருந்த ஷைலாவின் மெத்தை சரிந்தது. பக்கத்துக் கட்டில் பெண் போர்வையோடு எழுந்து உட்கார்ந்து எங்களைப் போனில் படம் பிடித்தாள். குறுக்குக் கம்பி கழன்றது, சங்கிலி உருவிக்கொண்டு வந்தது. ஆனால் லூசியாவின் பையும் என் பெட்டியும் ஒன்றோடொன்று கோத்தபடியே வந்தன.

சாவியைத் தேடி ஷைலாவும் அண்ணனும் சலவைக் கடைக்குப் பறந்தார்கள். சாமான்கள் பிரியாததால் நாங்களும் பிரிய முடியவில்லை. நானும் லூசியாவும் ஒரே டாக்சியில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு போட்டோ காட்டினாள். வெள்ளை கவுனில் அவள் தங்கை. மறுநாள் கல்யாணம். இந்த விமானத்தை விட்டால் லூசியா போய்ச் சேரும்போது மாப்பிள்ளையும் பெண்ணும் தேனிலவுக்குக் கிளம்பியிருப்பார்கள். அப்போதும் என் கை பெட்டியைத் தடவி, கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. என்ன ஜென்மமோ.

கவுண்டரில் இருந்த பெண் இது ஒரு லக்கேஜா இரண்டா என்று கேட்டாள். லூசியாவுக்கு விளக்கத் தெரியவில்லை. நான் எங்கே போகிறேன் என்று கவுண்டர் பெண் என்னைக் கேட்டாள். சாயங்காலம், பெங்களூர் என்றேன். அவள் சங்கிலியை ஒருமுறை பார்த்துவிட்டு, கவுண்டரை மூடப்போகிறோம், சீக்கிரம் பிரித்துக் கொண்டு வாருங்கள் என்றாள்.

ஷைலாவிடமிருந்து போன் வரவில்லை. லூசியா இந்த முறை "இட்ஸ் ஓகே" என்றுகூடச் சொல்லவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியைப் படுக்கப் போட்டேன். "அக்கா, மன்னிச்சுக்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அதன் மேல் ஏறி நின்று சங்கிலியை இரண்டு கையாலும் இழுத்தேன். லூசியாவும் வந்து பிடித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நாலடி தள்ளிப்போனார்கள். மடேர் என்று கைப்பிடி பிய்த்துக்கொண்டது. நான் ஒரு குடும்பத்தின் தள்ளுவண்டி மேல் போய் விழுந்தேன். லூசியாவின் பை பெல்ட்டில் ஏறி, சங்கிலியை யானை மாதிரி இழுத்துக்கொண்டு உள்ளே போனது. அவள் என்னைக் கட்டிப்பிடித்து "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு ஓடினாள். எதற்குத் தேங்க் யூ என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஷைலா வந்தாள். ஒரு கையில் ஈரத் தலையணை உறை, இன்னொரு கையில் சாவி. ஜெயித்துவிட்ட சிரிப்பு. பெட்டி மேல் உட்கார்ந்திருந்த என்னையும் பிய்ந்த கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏ, சங்கிலி எங்க மா?"

"ஸ்பெயினுக்குப் போயிட்டிருக்கு."

லூசியா கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், போட்டோ அனுப்பினாள். அக்கா பெட்டியைப் பார்த்துவிட்டு, நீயே வைத்துக்கொள் என்றாள். அப்புறம் பொங்கல் வரை பேசவில்லை. தம்பிக்கு வெறும் சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கும்போது மட்டும் இரண்டு காலையும் ஒருமுறை உதறி, நான் கட்டிப் போட்டிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு எழுந்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். நான் பக்கத்தில் இருந்தால் அப்பாகூடக் காலை உதறிவிட்டுத்தான் எழுந்திருப்பார். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்காரர்கள் முன்னால் என் கணவரும் உதறினார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் என் மகளின் யு.கே.ஜி. மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பாப்பாவுக்குக் காலில் ஏதாவது பிரச்சனையா, ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் உதறுகிறாளே என்று அக்கறையாகக் கேட்டார். டாக்டரிடம் காட்டுகிறேன் மிஸ் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் அவளைக் கேட்டேன். "எல்லாரும் அப்படித்தானேம்மா எழுந்திரிப்பாங்க?" என்றாள்.