ரிவர்ஸ் விழாத மனிதர்

மனிதர்களில் முன்னால் மட்டுமே போகத் தெரிந்த ஓர் இனம் உண்டு. வழி தப்பினால் திரும்ப மாட்டார்கள், இப்படியும் ஒரு பாதை இருக்கிறது என்பார்கள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தால் அவிழ்க்க மாட்டார்கள், இப்போது இதுதான் நாகரிகம் என்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடன் எதிர்ப்பக்கம் போயுமிருப்பீர்கள்.

எங்கள் சமோவாத் தீவுகளில் இந்த இனத்தின் சிங்கம் ஃபெரெட்டி. தேவாலயத்தில் பாட்டு எண்ணை அறிவிப்பவர் அவர்தான். ஈஸ்டர் அன்று வாய் தவறிக் கிறிஸ்துமஸ் பாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டார். சபை விழித்தது. போதகர் இருமிப் பார்த்தார். மனிதர் அசைந்தாரா? "பொறக்காம எப்படிங்க உயிர்த்தெழ முடியும்?" என்று ஒரு போடு போட்டு, கடைசிச் சரணம் வரை பாட வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அப்பேர்ப்பட்டவருடைய காரில் ரிவர்ஸ் கியர் நிற்காமல் போனதில் என்ன ஆச்சரியம்? நியூசிலாந்தில் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்து அனுப்பிய பழைய வண்டி. ரிவர்ஸ் போட்டால் விழும், நாலடி போனதும் தானாகக் கழன்று கொள்ளும். நீங்களும் நானும் என்ன செய்வோம்? பட்டறைக்குப் போவோம். ஃபெரெட்டி வாழ்க்கையை மாற்றிக்கொண்டார். சரிவு இருக்கும் இடத்தில்தான் நிறுத்துவார், வளைத்துத் திரும்ப மைதானம் இருக்கும் வீட்டுக்குத்தான் விருந்துக்குப் போவார், தப்பித் தவறிச் சுவருக்கு முன்னால் நிறுத்திவிட்டால் தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு, "தம்பி, சும்மா கொஞ்சம் கை வை" என்பார். கை வைத்தவன் மூச்சுத் திணறித் தள்ளி முடித்ததும், "போதும் போதும், வண்டி லேசா நகருது பாத்தியா?" என்று பெருமை வேறு!

இதற்கு ஒரு முடிவு வந்தது. அவர் மனைவி தெமுகிசாவின் அண்ணனுக்கு, எதிரே கடலுக்கு அப்பால் சவாயித் தீவில், குடும்பத் தலைவர் பட்டம் கட்டுகிறார்கள் என்று சேதி வந்தது. சனிக்கிழமை காலையில் சடங்கு. தங்கை தன் கையால் நெய்த பாயைச் சபை நடுவே விரித்துக் கொடுக்க வேண்டும். அதற்காகவே அவள் மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து, துணி மாதிரி மடிகிற மெல்லிய பாய் ஒன்றை நெய்து கொண்டிருந்தாள். அந்தத் தீவுக்குப் போகும் கப்பலிலோ, இந்த ஊருக்கே தெரிந்தபடி, கார்கள் பின்னால் நகர்ந்துதான் ஏற வேண்டும்.

"பட்டறையில குடுத்திடுங்களேன்," என்றாள் தெமுகிசா.

"எதுக்கு? சின்ன வேலை!"

சின்ன வேலை. இந்த இனத்தின் தேசிய கீதமே அதுதான். ஈரப்பலா மரத்தடியில் ஜாக்கி போட்டு, கியர்பாக்ஸை இறக்கி, பிரித்து, பழைய ஓலைப் பாயில் பரப்பினார். ரிவர்ஸுக்கென்று தனியாக ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அதன் பற்கள் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகச் சீவியிருக்கும். அந்தப் பக்கமாக நுழைந்தால்தான் மற்றச் சக்கரத்தோடு வழுக்கிக் கொண்டு போய்ச் சேரும். பழையது தேய்ந்திருந்தது. புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினார். பக்கத்தில் பாய் நெய்துகொண்டிருந்தவள் தலை நிமிர்ந்தாள்.

"ஏங்க, கழட்டும்போது சீவின பக்கம் இந்தாண்ட இருந்துச்சே?"

"இது என்ன பாயா, உள்பக்கம் வெளிப்பக்கம் பாக்க? நீ உன் வேலையைப் பாரு."

அவள் தன் வேலையைப் பார்த்தாள். உள்பக்கம் வெளிப்பக்கம் பார்த்தே காலம் தள்ளியவள் அவள்! இவரோ ரிவர்ஸ் சக்கரத்தையே ரிவர்ஸாகப் போட்டு மூடிவிட்டார். இரண்டு போல்ட்டு மிஞ்சியது. கம்பெனிக்காரன் தாராளமாகப் போட்டுவிட்டானாம்! ஒருமுறை போட்டுப் பார்த்தபோது கர்ர்ர்ர் என்று கத்தியது. புது எண்ணெய், அப்படித்தான் கத்தும் என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம், கடைசிக் கப்பல். பாய், மீன் டப்பாப் பெட்டிகள், சேப்பங்கிழங்கு மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஃபெரெட்டி வண்டியின் மூக்கைக் கப்பலை நோக்கி நேராகவே விட்டார். கப்பல்காரப் பையன் ஓடி வந்தான்.

"பெரியவரே, திருப்புங்க, திருப்புங்க! பின்னாடிதான் ஏறணும்."

"நேராவே ஏறிடறேன்பா."

"அப்ப அந்தக் கரையில எப்படி எறங்குவீங்க? ரிவர்ஸ்லயா?"

"அதை அங்க போய்ப் பாத்துக்கலாம்."

"அதெல்லாம் ஆகாது. கொஞ்சம் பின்னால எடுங்க."

ஃபெரெட்டி கியரைத் தள்ளினார். கர்ர்ர்ர். இன்னும் அழுத்தினார். கர்ர்ர்ர்ர்! பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. வேனில் வந்த பாடகர் குழுப் பிள்ளைகள் இறங்கி வந்து, "ஐயா, கியர் போச்சா? ஏத்தியே விட்டுடுறோம், சொல்லுங்க!" என்றார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கப்பலில் ஏறிவிடலாம்.

"கியருக்கு ஒண்ணுமில்ல. தளம் சாய்வா இருக்கு," என்றார்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஹாரன் தாங்காமல் கடைசியில் அவர்களே வண்டியை அவரோடு சேர்த்துப் பின்னுக்குத் தள்ளி ஓரங்கட்டினார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "போகுது பாத்தியா!" என்றார் மனைவியிடம்.

தெமுகிசாவுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. பாயை எடுத்துத் தோளில் போட்டாள். பெட்டிகளைப் பிள்ளைகள் தூக்கிக் கொண்டார்கள்.

"எறங்கி வாங்க. வண்டி கெடக்கட்டும். தப்புன்னுகூடச் சொல்ல வேணாம். சும்மா என்கூட வாங்க."

"வண்டிக்கு என்ன கேடு? நீ முன்னால போ. சின்ன வேலை, முடிச்சிட்டு வண்டியிலேயே வர்றேன்."

அவள் ஏறினாள். கப்பல் கிளம்பியது.

மறுநாள் காலை அவள் பாய் விரிந்தபோது சபையே நிமிர்ந்து பார்த்ததாம். பக்கத்து இடம் காலி. "மாப்பிள்ளை எங்கம்மா?" என்று அண்ணன் கேட்டார். "அவரு முன்னால மட்டுந்தான் போவாரு. இது பின்னால ஏறுற கப்பல்," என்றாள்.

முந்தின நாள், அந்தக் கப்பல் சிறுத்து மறைகிறவரை ஃபெரெட்டி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். எதிரே கடல். அந்தச் சீவின பக்கம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவருக்குத் தெரியாமலா இருந்தது? முதல் கர்ர்ர்ரிலேயே தெரியும். "தப்பாத்தான் மாட்டிட்டேன்" என்று சொல்ல இப்போது நாக்கு நுனிவரை வந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

பாவம் என்கிறீர்களா? நல்ல மனசு உங்களுக்கு. "நான் செய்தது தப்பு" என்று, பின்னாலேயே ஒரு 'ஆனால்' போடாமல், உங்கள் வீட்டில் கடைசியாக எப்போது சொன்னீர்கள்? "சொல்லியிருக்கேனே, ஆனா அன்னிக்கு..." என்று ஆரம்பிக்கிறீர்களா? சற்று நிறுத்திக் காது கொடுங்கள். எங்கேயோ கர்ர்ர்ர் என்று கேட்கவில்லை?