பாசி போடாத பத்துப் பாத்தி

போன பிப்ரவரியில் ஒரு நாள் எங்கள் சமையலறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி நோரீன், பக்கத்து வீட்டுக் கோல்மன். நாயும் இருந்தது. யார் பக்கமும் பேசாததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் எழுந்து நின்று அறிவித்தேன்.

"இனிமே உருளைக்கிழங்குக்கு உரமாக் கடற்பாசி சுமக்க மாட்டேன்!"

எங்களுக்கு இருபது பாத்தி. பாத்திக்கு நான்கு கூடை ஈரப்பாசி. கடற்கரையிலிருந்து மேடேறி எண்பது கூடை சுமந்தால், ஈஸ்டர் வரை என் முதுகு கேள்விக்குறிதான்.

"பாசி இல்லாட்டி கிழங்கு கோலிக்குண்டு சைஸ்லதான் வரும்," என்றாள் நோரீன்.

"அது உன் நெனப்பு. பாசியால ஒண்ணும் ஆகாது."

"சோதிச்சுப் பாத்துருவோமே அண்ணே," என்றான் கோல்மன். பீர் ஆலையில் பார்லி சோதித்து ஓய்வு பெற்றவன். "பத்துப் பாத்திக்குப் போடுங்க, பத்துக்குப் போடாதீங்க. ரெண்டு பக்கச் சராசரியையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுத் தரேன்."

எண்பது நாற்பதாகிறது! "கணக்கு சொல்றதுக்குக் கட்டுப்படறேன்," என்று நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

"எந்தப் பாத்திக்குன்னு இவர் சொல்லக் கூடாது. நல்ல மண்ணாப் பாத்துப் பாசி போடாம விட்டுருவாரு," என்றாள் நோரீன்.

அதைத்தான் நினைத்திருந்தேன். பத்து வெள்ளை, பத்துக் கறுப்புக் கூழாங்கற்களை என் தொப்பியிலேயே போட்டுக் குலுக்கினாள். பாத்திக்கு ஒரு கல் எடுத்தாள்: வெள்ளை வந்தால் பாசி, கறுப்பு வந்தால் இல்லை.

ஆகஸ்டில் தோண்டி, நானே நிறுத்தேன். பாசி போட்ட பாத்திகளின் சராசரி முப்பத்தொரு கிலோ, போடாதவை இருபத்தெட்டு. செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது.

கோல்மன் பென்சிலைக் கடித்தான். "ஒரே பக்கத்துலயே பாத்திக்குப் பாத்தி பன்னண்டு கிலோ ஏறி எறங்குதே அண்ணே. இந்த மூணு கிலோ தற்செயலாவே வரலாம். பாசியாலதான்னு சொல்ல முடியாது."

நாயைத் தூக்கிக்கொண்டு ஆடினேன். "கேட்டியா நோரீன்! பாசி வீண்!"

"வீண்னு கணக்கு சொல்லுதா கோல்மன்?"

"அதையும் சொல்லல அக்கா. பாத்தி போதல. எண்பது பாத்தியாவது வேணும்."

நாயை இறக்கிவிட்டேன்.

"என் தம்பி நெலத்துல அறுபது பாத்தி சும்மா கெடக்கு," என்றாள் நோரீன். "போன வாரமே கேட்டு வாங்கிட்டேன்."

இப்போது மறுபடி பிப்ரவரி. பாதிக்குப் பாசி என்றால் நாற்பது பாத்தி, நூற்றறுபது கூடை. இன்று காலை மூன்று சுமந்தேன். மீதி நூற்று ஐம்பத்தேழு.