வெண்ணாட்டின் கடைசி உறைமோர்

வெண்ணாட்டில் பசுக்களுக்குக் குறைவில்லை. அவற்றைப் பற்றி அங்கே யாரும் சண்டை போட்டதுமில்லை. சண்டையெல்லாம் தயிரைப் பற்றியது.

பஞ்ச காலத்தில் ஒருவர் அந்த நாட்டுக்கு வந்தார். பாலை உறைய வைத்தார். பசித்தவர்களுக்குச் சோற்றில் பிசைந்து கொடுத்தார். பிறகு போய்விட்டார். அவர் பெயரைச் சொல்லும் தகுதி யாருக்கு என்பதில் தகராறு இருந்ததால், சனங்கள் அவரை ‘வந்தவர்’ என்று மட்டும் சொன்னார்கள்.

வந்தவர் போகும்போது பால்வீட்டுச் சாவியைத் தம் தோழர் ஒருவரிடம் கொடுத்தார் என்றது சாவிக் கட்சி. வந்தவர் விட்டுப்போன சட்டி மோரைத் தோழர் உறையாக ஊற்றினார். அவருடையதை அடுத்தவர் ஊற்றினார். அப்படிக் கைமாறி வந்த உறைதான் உறை. மற்றதெல்லாம் திரிந்த பால்.

நடுவில் ஓர் அரசன் சட்டியை அரண்மனைக்குக் கொண்டுபோய்ச் சர்க்கரை போட்டான், அன்றோடு அது கெட்டது என்றது காம்புக் கட்சி. மெய்யான தயிர் காட்டுக் குடிசைகளில் ஒளிந்து பிழைத்தது. தவிரவும், வந்தவர் செய்தபடி பாலில் மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டால் எங்கேயும் உறையும், யார் சாவியும் வேண்டாம். ஒளிந்து பிழைத்ததா, புதிதாய் உறைந்ததா என்று கேட்டால் அந்தக் கட்சிக்குள்ளேயே இரண்டு பேச்சு இருந்தது. தேர்தல் சமயத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை.

அருளாயி சாவி வீட்டில் பிறந்து காம்பு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். உறைமோர் இருந்தால் ஊற்றுவாள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் வாங்குவாள். அங்கேயும் இல்லையென்றால் காம்பைக் கிள்ளுவாள். அவள் புருஷன் சேந்தனுக்குக் குடலில் புண். தயிர்ச்சோறு தவிர எது உள்ளே போனாலும் திரும்பி வந்துவிடும். வீட்டில் தயிர் உண்டா இல்லையா என்பதற்கு மேல் அவளுக்கு அரசியல் கிடையாது.

அந்த முறை தேர்தலில் சாவிக் கட்சி வென்றது. ஒவ்வொரு வீடும் தன் உறையின் வழியை வந்தவர் வரைக்கும் வாயால் ஒப்பிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. அதிகாரி அருளாயி வீட்டுக்கும் வந்தார்.

“உன் உறை யாரிடம் பெற்றது?”

“பக்கத்து வீட்டுத் தங்கப்பூகிட்ட வாங்குனதுங்க.”

“தங்கப்பூ யாரிடம் பெற்றாள்?”

“என்கிட்டதாங்க.”

அதிகாரி யோசித்தார். “வட்டமாக வரும் பரம்பரைக்குச் சட்டத்தில் இடமில்லை” என்றார். சட்டியைத் தெருவில் கவிழ்த்தார்கள். அடுப்புக்குப் பின்னால் அவள் ஒதுக்கி வைத்திருந்த ஒரு குவளை தப்பியது.

பிறந்த குழந்தைகளின் நாக்கிலெல்லாம் அரசு ஒரு சொட்டு மோர் வைத்தது. வைக்கப்பட்டவர்கள் கட்சி உறுப்பினர் ஆனார்கள்.

அடுத்த முறை காம்புக் கட்சி வென்றது. நாக்கில் வைத்த சொட்டு செல்லாது, தயிர் வேண்டுபவர் வயது வந்தபின் தாமே ஆற்றில் தலை முங்கி எழுந்து வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்றது புதிய ஆணை. பழைய சட்டிகளை உடைத்தார்கள்.

“அவரால எந்திரிக்கவே முடியாதுங்க. அவருக்கும் சேத்து நான் முங்குறேன்” என்றாள் அருளாயி.

“ஒருவருக்காக இன்னொருவர் முங்க முடியாது, அம்மா. அது கொள்கை. அவர் குணமானதும் வரட்டும். அவசரமில்லை” என்றார் ஆற்றங்கரை அதிகாரி.

அவள் முங்கினாள். தன் பங்கை வாங்கி ஈரச் சேலையோடு வீட்டுக்கு வந்து அவனுக்குப் பிசைந்து கொடுத்தாள்.

“நீ எந்தக் கட்சிடி இப்போ?” என்று சிரித்தான் சேந்தன்.

“சளி புடிச்ச கட்சி. வாயத் தொற.”

மூன்றாவது தேர்தலில் இரு கட்சிகளும் சமமாக வந்து கூட்டாட்சி அமைத்தன. தயிரின் தோற்றத்தை விசாரிக்கக் குழு அமைந்தது. குழு தீர்ப்புச் சொல்லும்வரை யாரும் பாலை உறைய வைக்கக் கூடாது. நாடெங்கும் உறை செத்தது.

அருளாயி மட்டும் ஒரு சிறு சட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து, தினமும் கொஞ்சம் பால் ஊற்றிக் காப்பாற்றினாள். சேந்தன் அதில் உயிர் வாழ்ந்தான். ஒருநாள் தங்கப்பூ வந்தாள்.

“ஏ அருளாயி, ஒரு கரண்டி உறை குடு. உன் வீட்டுப் பக்கம் வந்தாலே புளிப்பு வாசம் வருது. எனக்கென்ன மூக்கு இல்லையா?”

உறை கேட்டு வந்தவளுக்கு இல்லையென்று சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. அருளாயி கொடுத்தாள். தங்கப்பூ வீட்டில் தயிர் பிடிபட்டது. தங்கப்பூ அழுதுகொண்டே அருளாயி வீட்டைக் காட்டினாள்.

சாவி மந்திரியும் காம்பு மந்திரியும் ஒரே வண்டியில் வந்து இறங்கியபோது, அருளாயி சட்டியை வழித்துச் சோற்றில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். இனி அந்தச் சட்டி வீட்டில் நிற்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“நிறுத்து!” என்றார் சாவி மந்திரி. “நாட்டில் உயிரோடிருக்கும் ஒரே தயிர் அது.”

“ஒரு பருக்கையாவது விட்டு வை” என்றார் காம்பு மந்திரி. “எங்கள் சான்று அதில்தான் இருக்கிறது.”

“இருங்கய்யா, அவரு நேத்துலேர்ந்து சாப்பிடல” என்று அவள் கடைசி உருண்டையையும் ஊட்டிவிட்டாள்.

“விழுங்கிவிட்டாரா?”

“ஆமாங்க. இன்னிக்கு நல்லா விழுங்கினாரு.”

மந்திரிகள் முற்றத்துக்குப் போய்ப் பேசினார்கள். வெண்ணாட்டு வரலாற்றில் முதல்முறையாக ஓர் ஆணை எதிர்ப்பே இல்லாமல் பிறந்தது. ‘நாட்டின் தோற்றம் தற்போது சேந்தன் என்பவரின் வயிற்றில் உள்ளது. தீர்ப்பு வரும்வரை அதனுடன் வேறெதுவும் கலக்கலாகாது.’ கட்டிலின் இருபுறமும் கட்சிக்கு ஒருவராகக் காவலர் நின்றார்கள்.

“பால் கறந்து வச்சிருக்கேன். ரெண்டு வாய் அதையாவது குடுக்கலாமா?” என்று மந்திரிகளைக் கேட்டாள் அருளாயி.

“தாயே, உள்ளே போன பால் எந்தப் பக்கம் உறையும் என்று யாருக்குத் தெரியும்?”

அவளை வாசலில் உட்கார வைத்தார்கள். விரல்களில் சோறு காய்ந்திருந்தது. இரு கட்சிக்காரர்களும் மாலைகளோடு வந்து கூரையைக் கும்பிட்டுப் போனார்கள். வெயில் ஏறியது.

“அருளு, தாகமா இருக்கு” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஒரு காவலனின் கை தண்ணீர்க் குடத்தை நோக்கிப் போனது. மற்றவன் அதைப் பிடித்துக்கொண்டான். குழுவுக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவசரத்தை உணர்ந்து குழு உடனே கூடியது. ஆற்றுத் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா என்பதிலிருந்து தொடங்கினார்கள்.