ஆனந்த்ராஜின் வரிசை

"இந்தா இன்னொண்ணு! எம்புட்டுப் பெருசு பாருங்க!" என்று மகேஸ்வரி, கொய்யாக் கிளையிலிருந்து ஒரு தடித்த வெள்ளைப் பூச்சியை வழித்துச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டாள்.

அவள் கணவர் மொக்கைச்சாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிர்ந்தால் இடுப்பு வழக்குத் தொடுக்கும்.

மூன்றாண்டுகளாக இரசாயன மருந்து படாமல் அவர் காத்துவந்த ஆயக்குடித் தோப்புக்கு இயற்கை விவசாயச் சான்று கிடைக்கவிருந்த வேளையில்தான் மாவுப்பூச்சி வந்திறங்கியது. ஒரு சொட்டுக் கடை மருந்து பட்டாலும் சான்று போய்விடும். ஆகவே, பூச்சி தின்னும் வண்டுகளை வளர்த்து விற்கும் பேகம்பூர்ப் பாத்திமாவிடம் இரண்டு டப்பா வண்டு வாங்கித் தோப்பெங்கும் விட்டார். கரிய உடலும் செந்தலையுமாக அவை இலட்சணமாகத்தான் இருந்தன.

சின்னாளில் வண்டுகளைக் காணோம். மாறாக, எள்ளளவு மாவுப்பூச்சிகளுக்கிடையே பஞ்சுத் திரி போன்ற பெரியவை ஊரத் தொடங்கின.

"வண்டையே தின்னு கொழுத்திருக்குங்க" என்றாள் மகேஸ்வரி.

அவருக்கும் அவ்வாறே பட்டது. தண்ணீரைப் பீய்ச்சினார், பெரியவை விழுந்தன, பொடிசுகள் பெருகின. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தார். பெரியவை செத்தன, பொடிசுகள் மேலும் பெருகின. பெரியவைதாம் தாய்கள், அவற்றை ஒழித்தால் வம்சம் அற்றுப்போகும் என்றெண்ணிக் கையாலேயே பொறுக்கலானார்கள். இப்போது காய்களே வெளுத்துவிட்டன. அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

கிணற்றோர வரிசை மட்டும் தொடக்கமுதல் மைத்துனன் ஆனந்த்ராஜின் பொறுப்பு. அன்று மாலை அங்குச் சென்றவர் திகைத்து நின்றார். இலைகளெல்லாம் பளபளத்தன. மரத்தடியில் ஆனந்த்ராஜ் துண்டால் முகத்தை மூடிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் வாளி காய்ந்து கிடந்தது.

"ஏலே மாப்ள, எந்திரி! நெசத்தச் சொல்லு. கடை மருந்து அடிச்சியா?"

"நானா மாமா?"

"மூணு வருசப் பாடு போச்சேடா!"

"அக்கா மேல சத்தியமா இல்ல மாமா. மருந்தடிக்கணும்னா டேங்கைத் தோள்ல தூக்கணும். நான் தூக்குவனா?"

நியாயமான கேள்விதான். ஆயினும் பளபளக்கும் இலைகளைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

பூச்சி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த மகேஸ்வரி, "எந் தம்பி பொய் சொல்ல மாட்டானுங்க. அதுக்கும் மெனக்கெடணுமில்ல?" என்றாள்.

அவ்வேளையில் பாத்திமா வந்து சேர்ந்தாள். வண்டு வேலை செய்யவில்லை என்று காலையில் தொலைபேசியில் ஏசி அழைத்திருந்தவர் மொக்கைச்சாமிதான். மகேஸ்வரி கொண்டுவந்த நிறைந்த வாளியை அவள்முன் நகர்த்தினார்.

"பாரும்மா, உன் வண்டைத் தின்னு கொழுத்ததுக. ஒண்ணு விடாம ஒழிச்சாச்சு. ஆனா இவன் மருந்தடிச்சுத் தொலைச்சிட்டான். இனிச் சான்று எங்க கிடைக்க?"

பாத்திமா வாளிக்குள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஆனந்த்ராஜின் மரத்தில் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். துண்டை உதறிக்கொண்டிருந்த அவனையும் ஒருமுறை பார்த்தாள்.

"அவரு ஒண்ணுமே செய்யலண்ணே, அதனாலதான் அங்க மட்டும் என் வண்டோட குஞ்சுக உசுரோட இருந்து மாவுப்பூச்சியத் தின்னு தீத்துருக்கு. பாக்க மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையா இருக்கிற மத்த குஞ்சுக அம்புட்டையும் நீங்க இந்த வாளியில போட்டு வச்சிருக்கீங்க."