கல்வாரிக் குயிலுக்கு ஒரு கடிதம்

மன்னிப்புக் கேட்காமலே மன்னிப்பு வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். கேட்டுப் பார்த்தாயிற்று. நின்று கேட்டேன். இருந்து கேட்டேன். கோழி வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். கோழியை மட்டும் ஏற்றுக்கொண்டாள் என் மனைவி.

குற்றம் இதுதான். தொண்ணூற்றேழாம் ஆண்டு, யுத்த காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் தமிழர் வீடு என்றால் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று படிவம் நிரப்பிப் பொலிசில் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான், மனைவி டோரின், அவளுடைய தம்பி வலன்ரைன். விசா அலுவலாக மன்னாரிலிருந்து இரண்டு கிழமை, பதினாலே நாள், தங்க வந்தவன். வந்து ஐந்து மாதம். என் சாய்மனைக் கதிரையில் அவன்தான் சாய்வான். என் பேப்பரை அவன்தான் முதலில் விரிப்பான். நான் படிவத்தில் இரண்டு பெயர்களை மட்டும் எழுதினேன். பதிவில்லை என்று தெரிந்தால் பயந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் பார்த்துப் போய்விடுவான் என்று நினைத்தேன்.

அதை அவனுக்குச் சொல்ல முதலே பொலிஸ் வந்துவிட்டது. படிவத்தில் இரண்டு பேர், வீட்டில் மூன்று பேர். கதிரையில் இருந்தவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். டோரின் அன்று முழுக்க மாற்றுச் சேர்ட்டோடு பொலிஸ் வாசலில் நின்றாள். மறுநாள் மத்தியானம், பாதர் கடிதம் கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.

"மறந்துபோனன்" என்றேன்.

"குடையை மறப்பியள், சாவியை மறப்பியள். கதிரை நிறைய இருக்கிற மனுசனை மறப்பியளோ?"

அவள் என்னோடு நேராகக் கதைத்த கடைசி வசனம் அது. அதற்குப் பிறகு எல்லாம் வலன்ரைன் வழியாகத்தான்.

"தம்பி, அவருக்குச் சொல்லு, மேசையில இடியப்பம் இருக்கு."

"அத்தான், இடியப்பம் இருக்காம்."

"நான் செவிடனில்லை எண்டு அக்காவுக்குச் சொல்லு."

"அக்கா, அத்தான் செவிடனில்லையாம்."

"தெரியும். மறதி மட்டுந்தான் எண்டு சொல்லு."

பிடிபட்டவன் முதல் நாளே மன்னித்துவிட்டான். "விடுங்கோ அத்தான், உள்ளுக்க எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தனைக் கண்டனான்" என்று சொல்லி என் கதிரையில் சாய்ந்துகொண்டான். மன்னிக்க வேண்டியவள்தான் அசையவில்லை. ஐந்து கிழமை. வீட்டில் அவள் குரல் எனக்கென்று ஒலிக்காதபோது துறைமுகத்து ஒபிசில் கோப்புகளுக்கு நடுவில் எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் அந்த யோசனை. எங்கள் தேவாலயப் பங்குப் பத்திரிகையில் மாதாமாதம் ஒரு தொடர்கதை வரும். பெயர் 'எழுபது தடவை ஏழு முறை'; அத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று யேசு சொன்ன கணக்கு. எழுதுவது 'கல்வாரிக் குயில்'. கதாநாயகி நேசம், அவளுக்குத் துரோகம் செய்த கணவன் றொபேட். பதினேழு அத்தியாயமாக அவன் முழங்காலில் நிற்கிறான். டோரின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் இரண்டு தரம் வாசிப்பாள். நேசம் மன்னித்தால் டோரினும் மன்னிப்பாள். இதற்கு ஒரு மூளை வேண்டும். எனக்கு இருந்தது.

பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளும் ஒஸ்வால்ட் மாஸ்ரரிடம் போனேன்.

"குயில் ஆர் மாஸ்ரர்?"

"சொல்லேலாது வின்சன்ற். கடிதம் எண்டால் குடுத்துவிடுறன்."

"நல்ல மனுசியோ?"

"நல்ல மனுசி. கொஞ்சம் பிடிவாதம்."

றொபேட்டுக்கு ஓர் இரண்டாவது சந்தர்ப்பம் கொடுக்கும்படி உருக்கமாக எழுதினேன். மாஸ்ரரின் ரைப்ரைற்றரில் அடித்த பதில் வந்தது: 'உண்மையைச் சொல்லாதவனை வாசகர் மன்னிக்கமாட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த கணவர்கள் யாராவது இப்படிப் பிழை விட்டிருந்தால், ஒன்றும் மறைக்காமல் எழுதவும்.'

எழுத்தாளர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! 'என் நண்பர் ஒருவர்' என்று தொடங்கி நாலு பக்கம் எழுதினேன். கதிரை, பேப்பர், வேண்டுமென்றே விட்ட பெயர். கடைசியில் கை தானாகவே இன்னொன்றையும் எழுதியது. மனைவி பொலிஸ் வாசலில் நின்றபோது நண்பர் தெரு முனையில் நின்று பார்த்தார். கிட்டப் போகத் தைரியமில்லாமல் அங்கேயே அழுதார். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

பதினெட்டாம் அத்தியாயம் வந்தது. நேசம் மன்னித்துவிட்டாள்! பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினேன். டோரின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு என்று எப்போதும்போல் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உன்ர அக்காவுக்குச் சொல்லு, நேசம் மன்னிச்சிட்டாளாம்!"

டோரின் நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

"ஓம். பதினேழு அத்தியாயமா எனக்கு மனமில்லை. அந்தத் தெரு முனைக்காகத்தான் மன்னிக்க விட்டனான்."

கொப்பியைப் பார்த்தேன். 'அத்தியாயம் பத்தொன்பது' என்றிருந்தது. குயில் என் குசினிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"அப்ப, அந்த நாலு பக்கமும்..."

"உங்கட நண்பரின்ர கையெழுத்தைப் பதினொரு வருசமாத் தெரியும்."

"அப்ப என்னையும் மன்னிச்சிட்டீரோ?"

"எழுபது தடவை ஏழு முறை எண்டால் நானூற்றித் தொண்ணூறு. அது எங்கட கலியாணத்தின்ர ரெண்டாம் வருசமே முடிஞ்சுது. இது இரக்கம்." ஒரு தாளை நீட்டினாள். "புதுப் படிவம். நானே நிரப்பினனான். உங்களுக்கு மறதியெல்லோ. சைன் வையுங்கோ."

குடும்பத் தலைவர்: டோரின். நிரந்தரமாக வசிப்பவர்: வலன்ரைன். தற்காலிக விருந்தினர்: வின்சன்ற். தங்குவதன் நோக்கம்: திருந்துதல். தங்கும் காலம்: இரண்டு கிழமை.

என் கதிரையிலிருந்து, என் பேப்பருக்குப் பின்னாலிருந்து வலன்ரைன் ஆறுதல் சொன்னான்.

"பயப்பிடாதேங்கோ அத்தான். நானும் ரெண்டு கிழமை எண்டுதானே வந்தனான்."