நாலு பேர் உட்காரும் காற்றுப் படகு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, எழுத்து வராத மாமனார் வாயால் சொல்ல, மாமியார் கையால் எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம். அங்கே நீங்களும் மகளும் உங்கள் பாய்மரப் படகும் நலமாயிருக்க ஆசிகள்.

பாய்மரப் படகைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கரைக்கு வந்துபோக ஒரு சின்னக் காற்றுப் படகு வேண்டும், "காத்தடிக்கிற சாமானாச்சே, மாமாவே பார்த்து எடுக்கட்டும்" என்று போனில் சொன்னீர்களே, அங்கேதான் உங்கள் புத்தி தெரிந்தது. லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டியே உங்கள் பெண்டாட்டியை வளர்த்தவன் நான். நேற்று உங்கள் அத்தையோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பேர் படகைக் காட்டி, சுருட்டினால் தலையணை அளவு, எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கும் என்றார். "தலையணை வீட்டிலேயே இருக்கு தம்பி, நாலு பேர் படகை எடுங்க" என்றேன். எடுத்தார். மிதிபம்பை அவர் மிதித்த லட்சணம் பூனை நடப்பதுபோல் இருக்க, நானே வாங்கி மிதித்தேன். கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்குகிறது! லாரி டயர் அமுங்கினால் விடுவேனா?

"போதும் பெரியவரே, போதும்!"

"நீங்க சும்மா இருங்க. போதும்னு விரல் சொல்லணும்."

விரல் சொல்வதற்குள் படகு உப்பி, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஆப்படித்தாற்போல் இறுகிவிட்டது. கடைக்காரர் கல்லாவோடு அந்தப் பக்கம், காற்றை விடும் மூடி சுவர்ப் பக்கம். "எங்க போனாலும் உங்க கை சும்மா இருக்காதா?" என்று உங்கள் அத்தை கத்த (இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுதடி), கடைசியில் கடைக்காரரே வயிற்றை எக்கிக்கொண்டு அடியில் தவழ்ந்துபோய் மூடியைத் திறந்தார். வந்த காற்றில் அவர் கண்ணாடி பறந்தது. ஆனால் பாருங்கள், படகில் ஓர் ஒட்டு விடவில்லை! வாங்கிவிட்டேன்.

"எடுத்துட்டுப் போங்க பெரியவரே. இனிமே நீங்க மட்டும் வராதீங்க."

உங்கள் படகில் இதை வைக்க இடமில்லை என்பீர்கள். மேல்தட்டில் கட்டிவிட்டுக் காலை மடக்கி உட்காருங்கள். எதற்கு இத்தனை பெரிசு என்பீர்கள். நீங்கள் பெண் கேட்டு வந்த அன்று, நீலச் சட்டை, இரண்டாவது பித்தான் இல்லை, நொண்டி நாற்காலியில் ஆடிக்கொண்டே, "ஒரு நாள் உங்களைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன் மாமா" என்றீர்கள். அதைக் கேட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தேன். அதற்கப்புறம் உங்கள் நண்பர்கள் போனார்கள், உங்கள் நாய்கூடப் போயிற்று. நான் கரையில் நின்று கையாட்டுகிறேன். நீங்கள் இருவர், நாய், நான். நாலு.

மகளுக்கு அன்பு, நாய்க்கு முதுகில் ஒரு தட்டு. காற்று உங்கள் சொல் கேட்கட்டும்.

இப்படிக்கு,
பயணத்துக்குத் தயாராக இருக்கும் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை. மேலே உள்ளதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டேன், இதை மட்டும் இல்லை. நீங்கள் பெண் கேட்டு வந்தபோது அவர் லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கடலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று நீங்கள் சொன்னது என்னிடம். பித்தான் முதற்கொண்டு நான்தான் அவருக்குச் சொன்னேன், சொந்தமாக்கிக்கொண்டார். காலையில் கடைக்குப் போய் மூன்று பேர் படகாக மாற்றிவிட்டேன். நீங்கள் இருவர், நான். நாயை அவர் பார்த்துக்கொள்வார். கடிதத்தைத் தபாலில் போட அவரேதான் கிளம்பிக்கொண்டிருக்கிறார், பாவம், சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு.